பூமி எழுதும் கோடுகள் – 17: தூரத்தைக் கழித்தால் மிஞ்சுவது

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். நாலு தெரு தள்ளி இருப்பவருக்கு 'டொம்' என்று ஒரு சத்தம். பக்கத்து ஊர்க்காரருக்கோ காற்று அவர் பக்கம் வீசினால்தான் கேட்கும். மூவரையும் தனித்தனியே அழைத்து, "வேட்டில் எவ்வளவு மருந்து கிட்டித்திருப்பார்கள்?" என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். மூவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொருவரும் தாம் எவ்வளவு தூரத்தில் நின்றோம் என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் சத்தம் எத்தனை பங்கு தேயும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

1930 வாக்கில் நிலநடுக்கவியல் அந்த மூன்று சாட்சிகளை வைத்துக்கொண்டுதான் விழித்துக்கொண்டிருந்தது. அலைகள் மூன்று வகை என்பது, 1897 அசாம் நிலநடுக்கப் பதிவுகளை ஓல்டாம் அலசியதிலிருந்தே தெரியும். பூமிக்குள் ஒரு கருவம் உண்டு என்பதும், அது எத்தனை ஆழத்தில் தொடங்குகிறது என்பதும் தெரியும். ஆனால் "இந்த நடுக்கம் பெரிதா, அந்த நடுக்கம் பெரிதா?" என்று ஒரு பத்திரிகை நிருபர் கேட்டால், பதில் சொல்ல வழியில்லை. கையில் இருந்தது 12 படிகள் கொண்ட மெர்க்காலி அட்டவணை மட்டும். பாத்திரம் கிலுங்கியதா, சுவர் விரிந்ததா, புகைபோக்கி விழுந்ததா என்று பார்த்துப் படி போடுவார்கள். அது அந்த ஊர் பட்ட பாட்டின் அளவு. பாலைவனத்தில் நடந்த பெரிய நடுக்கத்துக்கு விழுவதற்குச் சுவரே இல்லை என்றால், அட்டவணை என்ன செய்யும்?

சென்ற இதழில் டோக்கியோவின் மத்திய வானிலை ஆய்வகத்தில் கியோ வடாட்டியை விட்டுவந்தோம். ஜப்பானுக்கு அடியில் முந்நூறு கிலோமீட்டருக்கும் கீழே நடுக்கங்கள் பிறக்கின்றன என்று 1928-இல் காட்டியவர். ஆழத்து நடுக்கங்களையும் ஆழமற்ற நடுக்கங்களையும் பிரித்துப் பார்க்கும் அதே முயற்சியில், 1931-இல் அவர் இன்னொரு படம் வரைந்தார். கிடைமட்டக் கோட்டில் மையத்திலிருந்து தூரம், செங்குத்துக் கோட்டில் அந்தந்த நிலையத்தில் நிலம் அசைந்த அதிகபட்ச வீச்சு. ஒரு நடுக்கத்துக்கு ஒரு வளைவு. எல்லா வளைவுகளும் தூரம் கூடக்கூடக் கீழே சரிந்தன. பெரிய நடுக்கத்தின் வளைவு மேலே, சிறியதன் வளைவு கீழே. அவ்வளவுதான். இன்றைக்குப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் வரையக்கூடிய படம் என்று தோன்றும். எனக்கென்னவோ, நிலநடுக்கவியலில் நூறு ஆண்டுகளில் வரையப்பட்ட படங்களில் இதற்கு இணை நாலைந்துதான் இருக்கும் என்று படுகிறது. வடாட்டியின் பெயரைச் சொல்லும் அளவுகோல் ஏதும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கட்டுரை பசிபிக்கின் மறுகரையில், கலிபோர்னியாவின் பசடேனாவில், ஓர் ஆளின் கையில் கிடைத்தது.

சார்லஸ் ரிக்டர் 1900-இல் ஒஹையோவில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். படித்தது கோட்பாட்டு இயற்பியல். 1927-இல் புதிதாக எழுந்த பசடேனா நிலநடுக்க ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும் என்று கால்டெக்கின் தலைவர் ராபர்ட் மில்லிகன் கேட்டபோது, வேறு நல்ல இடம் அமையும்வரை என்று போனவர், வாழ்நாள் முழுக்க அதிலேயே தங்கிவிட்டார். பின்னாளில் தன் வீட்டுக் கூடத்திலேயே ஒரு பதிவுக் கருவியை வைத்துக்கொண்டவர் என்றால் எவ்வளவு தங்கிவிட்டார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தை நடத்தியவர் ஹாரி வுட். மெர்க்காலி அட்டவணையை அமெரிக்காவுக்கு ஏற்றபடி 1931-இல் திருத்தி எழுதிய இருவரில் ஒருவர். அதன் போதாமையை அவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. 1920-களில் அவரும் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் ஜான் ஆண்டர்சனும் சேர்ந்து ஒரு கருவி செய்திருந்தார்கள். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் எமில் வீச்சர்ட் அதே வேலைக்கு 17 டன் எடையைத் தொங்கவிட்டிருந்தார். வுட்டும் ஆண்டர்சனும் எடுத்துக்கொண்டது ஒரு கிராம்கூட வராத செம்புத் துண்டு. இழுத்துக் கட்டிய மெல்லிய டங்ஸ்டன் கம்பியில் அது ஒட்டியிருக்கும். நிலம் அசைந்தால் துண்டு முறுகும். அதிலுள்ள சிறு கண்ணாடி ஓர் ஒளிக்கற்றையைத் திருப்பும். சுழலும் உருளையில் சுற்றிய புகைப்படத் தாளில் கோடு விழும். நில அசைவை 2,800 மடங்கு பெருக்கிக் காட்டும் என்று கணக்கு.

கருவியின் நுட்பத்தைவிட முக்கியமான சங்கதி, தெற்குக் கலிபோர்னியாவில் பசடேனா, மவுண்ட் வில்சன், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, லா ஹோயா, டினெமாஹா, ஹைவீ என்று ஏழு இடங்களிலும் இதே ரகக் கருவி இருந்ததுதான். ஏழு சாட்சிகளுக்கும் ஒரே காது. ஐரோப்பாவில் அப்போது ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு கருவி. ஒன்றின் மில்லிமீட்டரும் இன்னொன்றின் மில்லிமீட்டரும் ஒட்டாது.

ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் நடுக்கங்கள் பதிவாயின. பட்டியலிட்டு வெளியிட வேண்டும். பெரியதையும் பொடியையும் ஒரே வரிசையில் போட்டால் படிப்பவர் பயந்துபோவார். ரிக்டர் 1932 ஜனவரியிலிருந்து கிடைத்த பதிவுகளை எடுத்து, வடாட்டி செய்ததையே செய்து பார்த்தார். தூரம் கண்டுபிடிப்பது எளிது. வேகமாக வரும் பி அலைக்கும் பின்னால் வரும் எஸ் அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்று தாளிலேயே எண்ணலாம். விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் என்று பெருக்கினால் போதும்.

வீச்சைக் குறிப்பதில்தான் சிக்கல் வந்தது. ஒரு நடுக்கம் தாளில் பத்து சென்டிமீட்டர் ஆடுகிறது. இன்னொன்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடத் தாள் சுவர் உயரத்துக்கு வேண்டும். அப்போது வழி சொன்னவர் பெனோ குட்டன்பர்க்.

குட்டன்பர்க்கை வாசகர்களுக்கு நினைவிருக்கும். 17 டன் வீச்சர்டின் மாணவர். பூமியின் கருவம் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று இளம் வயதிலேயே கணக்கிட்டவர். யூதர். ஜெர்மனியில் அவர் தகுதிக்கேற்ற பதவி கிடைக்கவில்லை. டார்ம்ஸ்டாட்டில் குடும்பச் சோப்புத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்துவந்தவர், 1930-இல் கால்டெக்குக்கு வந்து சேர்ந்தார். ரிக்டரின் தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே ஒரு யோசனை: வீச்சை அப்படியே போடாதே, அதன் மடக்கையைப் போடு. அதாவது 1, 10, 100, 1000 என்பவை சம இடைவெளியில் நிற்கட்டும்.

போட்டதும் வளைவுகள் ஒன்றுக்கொன்று இணையாக வந்து நின்றன.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் இந்த இணை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மடக்கைத் தாளில் இரண்டு வளைவுகள் இணையாக ஓடுகின்றன என்றால், அவற்றுக்கு இடையேயான விகிதம் எங்கும் மாறவில்லை என்று பொருள். 50 கிலோமீட்டரில் ஒரு நடுக்கம் மற்றதைவிடப் பத்து மடங்கு பலமாக ஆட்டியிருந்தால், 300 கிலோமீட்டரிலும் பத்து மடங்குதான். நடுக்கம் பெரிதோ சிறிதோ, வழியில் தேயும் விதம் ஒன்றே. நிலத்துக்கு ஆள் பார்த்து வரி போடத் தெரியவில்லை. எல்லாரிடமும் ஒரே சதவீதம் பிடிக்கிறது. அப்படியானால் ஒரு வளைவை மேலும் கீழும் நகர்த்தி மற்றதன்மேல் பொருத்திவிடலாம். எவ்வளவு நகர்த்தினோமோ அதுதான் இரண்டு நடுக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம். தூரம் கணக்கிலிருந்து கழன்றுபோனது. மிஞ்சியது நடுக்கத்துக்கே உரிய ஓர் எண்.

மடக்கைப் படங்களைச் சாத்தானின் கருவி என்று ரிக்டரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எதைப் போட்டாலும் நேர்க்கோடாகக் காட்டி ஏமாற்றும் என்பது அவர் கிண்டல். இந்த முறை சாத்தான் ஏமாற்றவில்லை.

இனி எங்கேயாவது ஒரு தொடக்கப் புள்ளியை ஊன்ற வேண்டும். 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வுட்–ஆண்டர்சன் கருவியில் ஒரு மில்லிமீட்டர் கோடு விழுந்தால் அதன் அளவு 3 என்று ரிக்டர் வைத்தார். பட்டியலில் மைனஸ் எண் வராமலிருக்க அவ்வளவு கீழே பூஜ்யத்தை வைத்துக்கொண்டார். (பின்னாளில் வந்த நுண்ணிய கருவிகள் மைனஸிலும் நடுக்கங்களைப் பிடித்துவிட்டன.) எண்ணுக்குப் பெயர் சூட்டியவர் வுட்: 'மேக்னிட்யூட்'. விண்மீன்களின் ஒளியை அளக்க வானியலார் பயன்படுத்தும் சொல். ரிக்டருக்கு வானம் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் விண்மீனுக்கு எண் குறையக் குறைய ஒளி கூடும், நடுக்கத்துக்கு நேர்மாறு.

1935 ஜனவரியில் அமெரிக்க நிலநடுக்கவியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வந்தது. 'ரிக்டர் அளவுகோலில் 6.4 ஆகப் பதிவானது' என்று நம் செய்தித்தாள்கள் எழுதும்போது, ஏதோ சுவரில் மாட்டிய கருவி என்றே பலர் நினைக்கிறார்கள். அது கருவியல்ல. அந்தக் கட்டுரையில் இருந்த ஒரு சிறு அட்டவணை. தூரத்துக்குத் தூரம் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சொல்லும் அட்டவணை: 50 கிலோமீட்டருக்கு 2.6, 100-க்கு 3.0, 200-க்கு 3.5, 300-க்கு 4.0, 600-க்கு 4.9.

இதை மில்லிமீட்டராக்கினால் சுவாரசியம் புரியும். அளவு 4 உள்ள ஒரே நடுக்கம் 50 கிலோமீட்டரில் உள்ள கருவியில் 25 மில்லிமீட்டர் கோடு போடும். 100-இல் 10 மில்லிமீட்டர். 200-இல் மூன்றுக்குச் சற்று மேல். 300-இல் ஒன்றே ஒன்று. 600-க்குப் போனால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு.

ஏன் இப்படித் தேய்கிறது? முதல் காரணம் பங்கீடு. மையத்திலிருந்து கிளம்பும் ஆற்றல் உள்ளே எல்லாத் திசைகளிலும் அரைக்கோளமாக விரிகிறது. பரப்பு பெருகப்பெருக ஒவ்வோர் இடத்துக்கும் வரும் பங்கு சிறுக்கிறது. இது மட்டும் என்றால் தூரம் மூன்று மடங்கானால் வீச்சு மூன்றில் ஒன்றாகும். 100-இல் இருந்த 10 மில்லிமீட்டர் 300-இல் மூன்றரைக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டும். நின்றது ஒன்று. மீதியைத் தின்றது பாறை. விரிசல், உராய்வு, சிதறல் எல்லாம் சேர்ந்து வழிநெடுகச் சுங்கம் வசூலிக்கின்றன. அதுவும் வேகமாகத் துடிக்கும் அலைகளிடமிருந்து முதலில். 1987-இல் கேட் ஹட்டனும் டேவிட் பூரும் கிட்டத்தட்ட பத்தாயிரம் அளவீடுகளை வைத்து அட்டவணையைத் திரும்பச் சோதித்தபோது இந்த இரண்டு பங்கும் தனித்தனியே பிரிந்து வந்தன: விரிவதால் தேய்வது தூரத்தின் 1.11 அடுக்கு, உறிஞ்சுவதால் தேய்வது கிலோமீட்டருக்கு 0.00189 என்ற மடக்கைப் பங்கு. அரை நூற்றாண்டுக்கு முன் ஏழு நிலையங்களை வைத்து ரிக்டர் 300 கிலோமீட்டருக்குப் போட்டது 4.0, இவர்கள் சூத்திரம் தருவது 3.9. மையத்துக்கு மிக அருகில்தான் பழைய அட்டவணை கொஞ்சம் சறுக்கியிருந்தது.

கருவியிலும் ஒரு சறுக்கல் இருந்தது. அந்த 2,800 மடங்கு என்பது உண்மையில் ஏறத்தாழ 2,080 மடங்குதான் என்று 1990-இல் கண்டுபிடித்தார்கள். அறுபது ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அளவை நிலத்தின் அசைவில் வரையறுக்காமல் தாளில் விழுந்த கோட்டில் வரையறுத்திருந்ததால், உண்மையான கருவிகளில் படித்த பழைய எண்களுக்குச் சேதமில்லை.

கட்டுரை வருவதற்கு முன்பே பசடேனாவை நிலம் ஒருமுறை நேரில் வந்து பார்த்தது. 1933 மார்ச் 10 மாலை 5.54-க்கு லாங் பீச் நிலநடுக்கம், அளவு 6.4. சுமார் 120 பேர் இறந்தார்கள். பள்ளிக்கூடக் கட்டடங்கள் வரிசையாகச் சரிந்தன. பள்ளி விட்ட பிறகு வந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்த நேரத்தில் குட்டன்பர்க், கால்டெக்குக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவருடன் வளாகத்தில் நடந்துகொண்டிருந்தார். பேச்சு நிலநடுக்கம் பற்றி. இருவரும் பேச்சில் அப்படி ஆழ்ந்திருந்ததால் காலடியில் நிலம் ஆடியதே தெரியவில்லை. வேறொருவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது. விருந்தாளி ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

ரிக்டரின் அட்டவணை 600 கிலோமீட்டரோடு நின்றுபோகும். கலிபோர்னியாவுக்கு மட்டும் உரியது. அங்கே நடுக்கங்கள் மேலோட்டின் மேல் பதினைந்து கிலோமீட்டருக்குள்ளேயே பிறப்பவை என்பதால் ஆழத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடிந்தது. உலகம் முழுமைக்கும் அளவுகோல் வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்த வளைவை நீட்ட வேண்டும். இதை எடுத்துக்கொண்டவர் குட்டன்பர்க். வெவ்வேறு நாட்டு நிலையங்கள் வெவ்வேறு கருவிகளில் எடுத்த அளவுகளைத் திரட்டி, நிலையத்துக்கு நிலையம் திருத்தம் போட்டு, 1945-இல் ஒரே ஆண்டில் மூன்று கட்டுரைகள் தந்தார்: ஆழமற்ற நடுக்கங்களின் மேற்பரப்பு அலைகளுக்கு ஒன்று, அவற்றின் பி, எஸ் அலைகளுக்கு ஒன்று, ஆழமான நடுக்கங்களுக்கு ஒன்று.

ஆழமற்றவை என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு. மேற்பரப்பு அலை பூமிக்குள் இறங்காமல் தோலோடு ஓடுவது. அது அரைக்கோளமாக விரிவதில்லை. குளத்தில் கல் விழுந்தாற்போல் வளையமாக மட்டும் விரிகிறது. பங்குபோடும் ஆட்கள் குறைவு. ஆகவே தொலைதூரத்தில் மற்ற அலைகள் இளைத்துப்போன பின்னும் இது தெம்பாக வந்து சேர்கிறது. ஆனால் தோலில் அலை எழும்ப வேண்டுமானால் அடி தோலுக்கு அருகில் விழ வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஆழத்தில் விழுந்த அடிக்கு மேற்பரப்பு அலை ஏறத்தாழ இல்லவே இல்லை. குட்டன்பர்க் தேர்ந்தெடுத்தது 20 விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் அலை. தொலைவுப் பதிவுகளில் பெரும்பாலும் அதுதான் உச்சத்தில் நிற்கும். அந்த அலையின் வீச்சுடைய மடக்கையோடு, தூரத்தின் மடக்கையை 1.656 ஆல் பெருக்கி, ஒரு மாறிலியையும் சேர்த்துக் கூட்டினால் நடுக்கத்தின் அளவு கிடைத்துவிடும் என்று அவர் கண்டார்.

2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகலில் சென்னை அலுவலகங்களிலிருந்து மக்கள் படியிறங்கி ஓடியது நினைவிருக்கலாம். சுமத்ராவுக்கு மேற்கே, 1,800 கிலோமீட்டருக்கும் அப்பால், கடலடியில் 8.6 அளவுள்ள ஆழமற்ற நடுக்கம். பலருக்கு வந்தது அதிர்ச்சியல்ல, தலைசுற்றல். வேகத் துடிப்பையெல்லாம் வழியிலேயே பாறை தின்றுவிட, மிஞ்சி வந்தது மெதுவான ஊசலாட்டம். உயரமான கட்டடங்களுக்கு அந்தத் தாளம் பிடிக்கும்.

வளையம் என்றேன். பூமி உருண்டை என்பதால் அந்த வளையம் கடைசிவரை விரிவதில்லை. மையத்திலிருந்து 10,000 கிலோமீட்டரில், பூமியின் இடுப்பளவுக்கு வந்ததும் விரிவு முடிந்து சுருங்கத் தொடங்குகிறது. மறுபக்கத்து நேரெதிர்ப் புள்ளியை நோக்கி எல்லாத் திசைகளிலிருந்தும் அலை குவிகிறது. தூரம் கூடக்கூடத் தேய வேண்டிய வீச்சு அங்கே திரும்ப ஏறும்.

தேய்வதற்கும் எல்லா மண்ணும் ஒன்றல்ல. கலிபோர்னியாவின் மேலோடு சூடானது, நொறுங்கியது. கீறல் விட்ட பானையைத் தட்டியது போல அதிர்வு சீக்கிரம் செத்துவிடும். பழைய, குளிர்ந்த, கெட்டியான தட்டுகளில் வெண்கலம் போல நெடுநேரம் கேட்கும். 2001 குடியரசு தினத்தன்று பூஜ் நடுக்கம் குஜராத்திலிருந்து சென்னை வரை உணரப்பட்டது அதனால்தான். ரிக்டரின் அட்டவணையை அப்படியே எடுத்துவந்து தக்காணத்துக்குப் போட முடியாது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனித் தேய்மானக் கணக்கு வேண்டும். மெக்சிகோ சிட்டி இன்னும் மோசமான விலக்கு. 1985 செப்டம்பர் 19-இல் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் நடுக்கம். முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் பயணித்துத் தேய்ந்து வந்த அலையை, நகரத்துக்கு அடியில் இருந்த பழைய ஏரியின் சேறு பிடித்துப் பல மடங்கு ஊதிவிட்டது. இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆடிய அந்த அலைக்குப் பலியானவை பெரும்பாலும் நடுத்தர உயரக் கட்டடங்கள். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பதினோரு நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, ரிக்டர் காலமானார்.

குட்டன்பர்க்குக்கு வருவோம். வீச்சு எப்படித் தேய்கிறது என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவரின் கண்ணில் ஒரு பள்ளம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆழமற்ற நடுக்கங்களின் பி அலை சில நூறு கிலோமீட்டர் தாண்டியதிலிருந்து, எந்தக் கணக்குக்கும் அடங்காத வேகத்தில் நலிந்தது. ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் திடீரெனத் திரும்ப வலுத்தது. இடையில் நிழல் விழுந்தது போல. 1920-களிலிருந்தே அவர் சொன்ன விளக்கம் இது: சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அலையை மெதுவாக்கும் ஓர் இளகிய அடுக்கு இருக்கிறது, அதில் நுழையும் கதிர்கள் கீழ்நோக்கி வளைந்துவிடுவதால் அந்தத் தூரத்துக்கு வர வேண்டிய பங்கு வராமல் போகிறது. நம்பியவர்கள் குறைவு. கேம்பிரிட்ஜின் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் வகுத்து உலகமே பின்பற்றிய பூமி மாதிரியில் அந்த அடுக்குக்கு இடமில்லை. வீச்சை நம்பிப் பேசுவது ஆபத்து, வந்து சேரும் நேரத்தைத்தான் நம்ப வேண்டும் என்பது அன்றைய பொதுக் கருத்து.

1960 ஜனவரி 25-இல் குட்டன்பர்க் இறந்தார். மே 22-இல் சிலியில் நிலம் பிளந்தது. பதிவானவற்றில் அதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. பூமி முழுவதும் மணியைப் போல் நாள்கணக்கில் ஒலித்தது. அந்த ஒலியின் தாளங்களை எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து ஹெல்சிங்கியில் விஞ்ஞானிகள் கூடினார்கள். ஜெஃப்ரீஸ் வழிவந்த மாதிரி ஒரு பக்கம், குட்டன்பர்க்கின் மாதிரி ஒரு பக்கம் வைத்து எது பொருந்துகிறது என்று பார்த்தார்கள். குட்டன்பர்க்கினுடையதே நெருங்கிப் பொருந்தியது.

சிலியில் அன்று நடந்தது அடுத்த இதழில்.